கலைச்சொல் பட்டியலுக்கு: விண்கலத்துக்குள்ள ஆளும் பொருளும் மிதக்கற நிலைக்கு இங்கிலீஷ்ல மைக்ரோகிராவிட்டிம்பாங்க. அதத் தமிழ்ல "வீழ்மிதப்பு"ன்னு வெச்சுக்கலாமா?

> "ஈர்ப்பற்ற நிலை"ன்னு பத்திரிகைல எல்லாம் புழங்கிட்டுத்தானே இருக்கு, அதையே வெச்சுக்கலாமே தம்பி.

ஐயா, புழங்குது சரி, ஆனா அங்க ஈர்ப்பு இருக்கே. சர்வதேச விண்வெளி நிலையம் சுத்தறது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல, தரையில இருக்கற ஈர்ப்புல கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கயும் இருக்கு, அது மட்டும் இல்லன்னா நிலையம் நேர்கோட்டுல போயே போயிருக்கும். மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்துல பக்கவாட்டுல ஓடிக்கிட்டே விழுது, உள்ள இருக்கற ஆளும் அவர் கையில இருக்கற ஸ்பூனும் கூடவே விழறதால ஒன்ன ஒன்னு அழுத்தறதில்ல, மிதக்குது. "நுண்ணீர்ப்பு"ன்னு சொன்னாலும் ஈர்ப்பு குறைஞ்சுடுச்சுன்னுதான் பசங்க நினைப்பாங்க.

அதான் வீழ்மிதப்பு. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, விழுந்த, விழற, விழப்போற மிதப்பு, மூணும் அடங்கிடும்.

வாக்கியத்துல வெச்சுப் பாருங்க. "வீழ்மிதப்புல இடுப்பெலும்பு மாசம் 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கும், அதனால தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி." இரும்புத் தட்டுக்கு அங்க எடை கிடையாது, வெற்றிட உருளைய, அதாவது உள்ள காத்து இல்லாத பிஸ்டன் குழாய, எதிர்த்து இழுத்துத்தான் பளு தூக்கறாங்க, ட்ரெட்மில்ல ஓடணும்னா தோள்லயும் இடுப்புலயும் பட்டை மாட்டி உடம்பக் கீழ இழுத்துக் கட்டணும். மிதந்து போயிடாம இருக்க கைப்பிடிக் கம்பிக்கு அடியில பாதத்தக் கொடுத்தே வேலை செய்யறதால உள்ளங்கால் மெத்துனு ஆகி, காய்ப்பு புறங்கால்ல வருது! சூடான காத்து மேல எழும்பாது, அதனால ஃபேன் ஓடலன்னா தூங்கறவர் விட்ட மூச்சு அவர் மூஞ்சியச் சுத்தியே தேங்கிடும். இதுக்கெல்லாம் ஒரே காரணம் வீழ்மிதப்பு, சொல்லுலயே அந்தக் காரணம் தெரியுது பாருங்க.

---

தம்பி, வாதம் சரி, ஏத்துக்கறேன். ஒன்னு மட்டும் விட்டுட்டீங்க. அங்க மிதப்பு முழுசா இல்ல, மெல்லிசான காத்தோட உரசல், ஆள் கை வெச்சுத் தள்ளறது, மெஷின் அதிர்வு, இதெல்லாம் துளித்துளியா முடுக்கம் குடுக்கும், படிகம் வளர்க்கற ஆய்வுக்கு அதுவே பெரிய தொல்லை, அதனாலதான் ட்ரெட்மில்லயே அதிர்வு பரவாத மாதிரி தாங்கி வெச்சுப் பொருத்தியிருக்காங்க. அந்த அளவச் சொல்லற இடத்துல வீழ்மிதப்பு உதவாது, "நுண்முடுக்கம்"னு தனியா வேணும். நிலைக்கு ஒரு சொல், அளவுக்கு ஒரு சொல்.

பட்டியல்ல ரெண்டையும் ஏத்துங்க. "ஈர்ப்பற்ற நிலை"ய எடுத்துடாதீங்க, தேடறவங்க அதத்தான் போட்டுத் தேடுவாங்க, பக்கத்துல "வீழ்மிதப்பு பார்க்க"ன்னு போட்டுடுங்க.