கினபாலுவில் கூட்டாளியைப் படுக்கையில் விட்டுவிட்டு உச்சிக்குப் போனோம். தப்பா?

ஈசூன் ஓட்டக்காரன்

உயர்நிலைப் பள்ளியிலிருந்தே நாங்கள் ஐந்து பேர் கூட்டாளிகள். எல்லாருக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. போன மாதம் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் சாபாவுக்குப் போய்க் கினபாலு மலை ஏறினோம். எட்டு மாதத்துக்கு முன்பே இடம் பிடித்தாயிற்று. வாரத்தில் மூன்று நாள் நாற்பது மாடி வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் படியேறினோம். சனிக்கிழமைகளில் முதுகுப் பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு புக்கித் தீமா குன்று. அப்புறம்தான் புறப்பட்டோம்.

முதல் நாள் திம்போஹோன் வாசலிலிருந்து லபான் ராத்தா விடுதி வரை ஆறு கிலோமீட்டர். 1,866 மீட்டரிலிருந்து 3,272 மீட்டருக்கு ஒரே நாளில் ஏறுகிறோம். எங்களில் நன்றாக ஓடக்கூடியவன், மாரத்தான் முடித்தவன், அவனுக்குத்தான் தலைவலி வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு கரண்டி சூப் குடித்தான், அதையும் வாந்தி எடுத்துவிட்டான். பனடால் போட்டுக்கொண்டு படுத்தான்.

இரவு 2 மணிக்கு எழுப்பினோம். "நீங்க போங்கடா, நான் தூங்குறேன்" என்றான். எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே வழிகாட்டி. அவர் வாசலில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விடுதியில்தான் ஆள் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

சூரியன் வரும்போது 4,095 மீட்டரில் நின்றோம். அதைப் பற்றி வேறு நாள் எழுதுகிறேன்.

திரும்பி வந்தபோது மணி ஒன்பது. அவன் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் சப்பாத்து மாட்டியிருந்தது. அதன் கயிற்றின் இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தான். கட்டத் தெரியவில்லை. நான் குனிந்து கட்டிவிட்டேன். அவனை நடுவில் விட்டுக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறக்கினோம். இரண்டு கிலோமீட்டர் இறங்கியதும் பேச ஆரம்பித்தான், ரொட்டி கேட்டான். இப்போது நன்றாக இருக்கிறான்.

ஆனால் அவன் மனைவி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். என் மனைவியும் "எப்படிங்க விட்டுட்டுப் போனீங்க?" என்று தினமும் கேட்கிறாள். மலை ஏறியவர்கள் சொல்லுங்கள். ஒருவனுக்கு முடியவில்லை என்றால் எல்லாரும் இறங்கத்தான் வேண்டுமா?

மலைக்குருவி

தம்பி, நீங்கள் செய்தது தப்பில்லை. முதலில் அதை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

அவர் குழந்தையில்லை. போகச் சொன்னார், போனீர்கள். கினபாலுவில் அனுமதி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத் தெரியும். 1998 மே மாதம் சிங்கப்பூரின் முதல் எவரெஸ்ட் குழு போனதே, அதில் உச்சியைத் தொட்ட சிங்கப்பூர்க் குழுவினர் இரண்டே பேர். மற்றவர்கள் கீழே நின்றார்கள். யாராவது அதைத் துரோகம் என்றார்களா? ஊரே கொண்டாடியது. மலையில் எல்லாரும் ஒரே உயரம் போக முடியாது. போக முடிந்தவன் போவதுதான் குழுவுக்குப் பெருமை.

இன்னொன்று. "ஒருவனுக்கு முடியவில்லை என்றால் எல்லாரும் இறங்க வேண்டும்" என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? தலைவலி வந்தவன் வாயைத் திறக்கமாட்டான். நாலு பேர் கனவைக் கெடுத்தவன் என்ற பேர் யாருக்கு வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறுவான். அதுதான் உண்மையான ஆபத்து.

பூன் லே அக்கா

மலைக்குருவி கடைசியாகச் சொன்னது சரி. மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் தாதியாக இருபத்திரண்டு வருடம் வேலை பார்க்கிறேன். கினபாலு இரண்டு முறை, அன்னபூர்ணா அடிவார முகாம் ஒரு முறை போயிருக்கிறேன். தம்பி எழுதியதைப் படித்தபோது அந்தச் சப்பாத்துக் கயிற்றில்தான் எனக்கு மனம் நின்றுவிட்டது. அது சோர்வு மட்டும் இல்லை, தம்பி.

2,500 மீட்டருக்கு மேல் போனாலே யாருக்கும் உயர நோய், அதாவது காற்று மெலிவதால் வரும் கோளாறு, வரலாம். மாரத்தான் ஓடியவனுக்கும் வரும், புகை பிடிக்கிறவனுக்கு வராமலும் போகும். உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பதுதான் மருத்துவர்கள் சொல்கிற வழக்கமான கணக்கு. நாமோ கடல் மட்டத்திலிருந்து விமானம் ஏறி, மறுநாளே லபான் ராத்தாவில் படுக்கிறோம். கினபாலுப் பயணமே அப்படி அமைந்ததுதான், சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்குவதால் பெரும்பாலோர் தப்பித்துவிடுகிறார்கள். வெறும் தலைவலி, பசியின்மை என்றால் அங்கேயே ஓய்வெடுத்தால் போதும், மேலே மட்டும் போகக்கூடாது. வாந்தி நிற்கவில்லை, பேச்சு தடுமாறுகிறது, தெரிந்த வேலையைக் கை மறந்துவிட்டது என்றால் அது மூளைக்குப் போய்விட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். அதற்கு மருந்து இறங்குவதுதான். பனடால் வலியை மறைக்கும், நோயைத் தீர்க்காது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலை ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. 2 மணிக்கு அவனை நீங்கள் நடக்கச் சொல்லிப் பார்த்தீர்களா?

எல்லாரும் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உயர நோய் உள்ளவனைத் தனியாக விடக்கூடாது, அவ்வளவுதான். ஒருவர் தங்கியிருக்கலாம். வரவேற்பில் சொல்லிவைத்து, மணிக்கு ஒரு முறை எழுப்பிப் பேசச் சொல்லியிருக்கலாம். மூன்று பேர் நிம்மதியாகப் போயிருக்கலாம்.

தெம்பனிஸ் அண்ணன்

அக்கா பொறுமையாகச் சொல்கிறார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஐந்து பேர் போனால் ஐந்து பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். தேசிய சேவையில், ராணுவப் பயிற்சியில், நமக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதானே? படை நடையில் ஒருவன் விழுந்தால் அவன் பையை மற்றவர்கள் பங்குபோட்டுத் தூக்கினோமே, மறந்துவிட்டதா?

2015 ஜூன் 5. காலை 7.15 மணி. கினபாலுவில் நிலநடுக்கம். 18 பேர் இறந்தார்கள். அதில் பத்துப் பேர் நம் சிங்கப்பூர்த் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளிப் பயணத்தில் போனவர்கள்: ஏழு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், கூடப் போன ஒரு வழிகாட்டி. 8ஆம் தேதி நாடே துக்கம் அனுசரித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மேலே மாட்டிக்கொண்டபோது அவர்களை விட்டு ஓடாமல் இறக்கிக்கொண்டுவந்தவர்கள் அந்த ஊர் மலை வழிகாட்டிகள். சொந்த வீடு என்ன ஆனது என்று தெரியாமலே கூட நின்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் அப்படி நின்ற மலையில், இருபது வருடக் கூட்டாளியை விட்டுவிட்டுப் போனது எனக்கு உறுத்துகிறது. மன்னித்துவிடுங்கள் தம்பி, கேட்டீர்கள், சொல்கிறேன்.

மலைக்குருவி

அண்ணே, அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனால் நிலநடுக்கம் சேர்ந்திருப்பவனையும் விடாது, பிரிந்திருப்பவனையும் விடாது. அதை இந்தக் கேள்விக்குச் சான்றாக வைக்காதீர்கள்.

படை நடை வேறு. அங்கே பையைத் தூக்கலாம். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான். இன்னொருவன் மூச்சை நீங்கள் தூக்க முடியாது.

கரூர் டு காலாங்

நான் இங்கே வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊரில் இருந்தபோது மாதம் ஒரு முறை மலைக்குப் போகும் கூட்டத்தில் இருந்தேன். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீ. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் எங்கள் பக்கத்திலிருந்தும் வார விடுமுறைக்கு மலையேறப் போனவர்கள். அதற்குப் பிறகு என் அம்மா என் மலைச் சப்பாத்தை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்த வருடமே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024இல் வனத்துறையே பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்த வழிகாட்டிகளோடு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

நான் கவனித்ததைச் சொல்கிறேன். நண்பர்கள் சேர்ந்து போகும் கூட்டத்தில் தலைவன் கிடையாது. அலுவலகப் பயணத்தில் ஒரு பொறுப்பாளர் இருப்பார், பள்ளிப் பயணத்தில் ஆசிரியர் இருப்பார். நண்பர்களுக்குள் "நீ என்னடா சொல்றது" என்ற கூச்சம். ஓட்டக்காரன் அண்ணன் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். வழிகாட்டி இவர்கள் முகத்தைப் பார்க்கிறார், இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். யாரும் முடிவெடுக்கவே இல்லை. கால் தானாக நடந்துவிட்டது.

செங்காங் வாசகி

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் அந்தப் படுக்கையில் கிடந்தவள். கினபாலு இல்லை, இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் ரிஞ்சானி எரிமலை.

நாலு தோழிகள் போனோம். செம்பாலுன் பக்கம் எரிமலை விளிம்பில் கூடாரம், 2,600 மீட்டருக்கு மேல். அங்கிருந்து நள்ளிரவில் உச்சிக்கு ஏற வேண்டும், 3,726 மீட்டர். கடைசிச் சரிவு முழுக்கச் சரளை மணல். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கிக் கீழே வரும். பாதிச் சரிவில் எனக்கு மூச்சு முட்டியது, அழுகை வந்துவிட்டது. உச்சி விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற தூரம். மூன்று பேரும் என்னோடு திரும்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டவில்லை, கையைப் பிடித்து இறக்கினார்கள்.

அது நல்ல முடிவு என்று எல்லாரும் சொல்வீர்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் சந்திக்கும்போது யாராவது "ரிஞ்சானி இன்னும் பாக்கி இருக்கு" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு கடன் போல இருக்கிறது. அதில் ஒருத்திக்குப் பிறகு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது, இனி அவளால் ஏற முடியாது. "நீங்க ரெண்டு பேர் போங்க, ஒருத்தி என்கூட வாங்க" என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் நினைக்கிறேன். சொல்ல எனக்கு மூச்சும் இல்லை, தைரியமும் இல்லை.

அதனால் தெம்பனிஸ் அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாரும் கூடத் திரும்புவதிலும் ஒருத்தி தலையில் பாரம் ஏறுகிறது.

தெம்பனிஸ் அண்ணன்

இந்தப் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை, அம்மா. ஆனாலும் ஒன்று சொல்வேன். பாரத்தோடு என்றாலும் நாலு பேரும் தீபாவளிக்கு ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். தம்பியின் கூட்டாளி மனைவி குழுவைவிட்டே போய்விட்டார்.

பூன் லே அக்கா

செங்காங் தங்கச்சி, "ஒருத்தி என்கூட வாங்க" என்பதை முடியாமல் போனவள் வாயால் கேட்க வைத்ததுதான் பிழை. அந்த நேரத்தில் அவளுக்குக் கேட்கத் தெரியாது. "நீங்க போங்கடா" என்று அந்தத் தம்பி சொன்னதையும் நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என் பிரிவில் நோயாளி "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றால் நாங்கள் இன்னொரு முறை இரத்த அழுத்தம் பார்ப்போம். யார் தங்குவது என்பதைச் சிங்கப்பூரிலேயே, விமானச் சீட்டு வாங்கும்போதே பேசி முடிக்க வேண்டும்.

மலைக்குருவி

அக்கா, பேசுவது சுலபம். நடைமுறையில் யார் தங்குவார் தெரியுமா? கூட்டத்தில் மென்மையானவன். ஒவ்வொரு பயணத்திலும் அதே ஆள்தான் "பரவாயில்ல, நான் இருக்கேன்" என்பான். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் மூன்று மலைகளில் தங்கிவிட்டார். நான்காவது பயணத்துக்குக் கூப்பிட்டபோது வேலை இருக்கிறது என்றார். வேலை இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவரவர் பொறுப்பு அவரவருக்கு என்று முதலிலேயே வைத்துக்கொள்வது நியாயம்.

கரூர் டு காலாங்

அப்படியென்றால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மென்மையானவன் பெயரும் வரும், முரடன் பெயரும் வரும்.

ஈசூன் ஓட்டக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்குப் பதில்: இல்லை, நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. அப்படி ஒரு சோதனை இருப்பதே தெரியாது.

நேற்று அவனைக் காதிப் பக்கம் காப்பிக் கடையில் பார்த்தேன். இந்தப் பக்கத்தை அப்படியே அவனிடம் காட்டினேன். முழுவதும் படித்தான். அப்புறம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

நாலு மணி வாக்கில் விழித்திருக்கிறான். கழிப்பறைக்குப் போக எழுந்தவனுக்கு அறைக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் காலி. கத்தினால் யாராவது வந்திருப்பார்கள். "கத்தினா வாக்கி டாக்கில சொல்லி உங்களை இறக்கிடுவாங்கன்னு நெனச்சேன்டா, அதான் சும்மா இருந்தேன்" என்றான். விடியும்வரை கம்பியை விடவில்லையாம்.

மலைக்குருவி அண்ணே, வாயைத் திறக்கமாட்டான் என்றீர்களே, எல்லாரும் இறங்க வேண்டும் என்ற சட்டம் எங்களிடம் இல்லை. அது இல்லாமலே அவன் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் ஐந்து பேரும் ஜொகூரில் லேடாங் மலைக்குப் போகிறோம். 1,276 மீட்டர்தான், அங்கே உயர நோய் வராது. ஆனாலும் கால் பிடித்துக்கொள்ளலாம், மழை பிடித்துக்கொள்ளலாம். கரூர் தம்பி சொன்னபடி காப்பிக் கடையிலேயே கைத்துடைக்கும் தாளைக் கிழித்து ஐந்து பெயர் எழுதிக் குலுக்கினோம். மற்ற மூவரும் தொலைபேசியில் இருந்தார்கள். அவன்தான் சீட்டை எடுத்தான். என் பெயர் வந்தது.

அவன் மனைவி இன்னும் குழுவில் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போகிறோம்.