குழு: பரந்தன் முள்ளியவளை உறவுகள்

*மாலை 6.41*
சாந்தி சித்தி: தர்ஷன், வேலையால் வந்துவிட்டாயா? கயலின் கணினியில் ஃபயர்பொக்ஸ் உலாவியைப் போடப் பார்க்கிறோம். திரை முழுவதும் இருண்டு, நடுவில் மஞ்சள் பட்டையோடு ஒரு பெட்டி நிற்கிறது. 'யெஸ்'ஸா 'நோ'வா என்று கேட்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன்.

தர்ஷன் (வவுனியா): 'நோ' கொடுங்கள் சித்தி. உடனே.

சாந்தி சித்தி: கொடுத்துவிட்டேன். என்ன பிழை?

தர்ஷன்: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'பப்ளிஷர்' என்ற இடத்தில் 'அன்நோன்' என்று இருக்கிறது. இந்தக் கோப்பு யாருடையது என்று விண்டோஸுக்கே தெரியவில்லை. ஃபயர்பொக்ஸை வெளியிடுவது மொசில்லா. உண்மையான கோப்பு என்றால் பெட்டி நீலமாக வரும், அந்த இடத்தில் 'மொசில்லா கோர்ப்பரேஷன்' என்று நிற்கும். குரோம் உலாவி என்றால் 'கூகுள் எல்எல்சி'. எங்கிருந்து இறக்கினீர்கள்?

கயல்: தேடியபோது முதலாவதாக வந்த இணைப்பு அண்ணா. பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது.

தர்ஷன்: முதலாவதாக வருவது பல வேளைகளில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். மேலே சின்ன எழுத்தில் 'ஸ்பொன்சர்ட்' என்று இருக்கும். அதே சின்னம், அதே நிறம் வைத்துப் போலிப் பக்கம் செய்கிறார்கள். உள்ளே கடவுச்சொல் திருடும் நிரலும் இருக்கலாம். சித்தப்பாவின் வங்கிக் கணக்கையும் அந்தக் கணினியில்தான் திறக்கிறீர்கள், எனக்கு அதுதான் பயம்.

தேடவே வேண்டாம் கயல். கணினியில் இருக்கும் எட்ஜ் உலாவியைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் ஃபயர்பொக்ஸ்.கொம் என்று நீயே ஆங்கிலத்தில் தட்டு. ஒவ்வோர் எழுத்தாகப் பார். இல்லாவிட்டால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலும் இருக்கிறது.

சாந்தி சித்தி: என் போனிலிருந்துதான் இணைப்புக் கொடுத்திருக்கிறேன். டேட்டா போதுமா?

தர்ஷன்: போதும். முதலில் இறங்குவது சிறிய கோப்பு, மிகுதியை அதுவே பிறகு இழுக்கும். முடியும்வரை ஹொட்ஸ்பொட்டை நிறுத்தாதீர்கள்.

*இரவு 7.08*
கயல்: நீலப் பெட்டி. மொசில்லா கோர்ப்பரேஷன். 'யெஸ்' கொடுத்தேன். மொழியைத் தமிழாக மாற்றினேன் அண்ணா, பட்டியல் எல்லாம் தமிழில் வருகிறது! அம்மம்மா பக்கத்தில் இருந்து வாசிக்கிறா.

தர்ஷன்: மிகவும் சந்தோஷம். இனிப் பழைய கோப்பை அழித்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் முழுச் சோதனை ஓட விடு. இன்னொன்று: ஏதாவது பக்கத்தில் 'உங்கள் உலாவி பழையதாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள்' என்று வந்தால் அழுத்தவே கூடாது. ஃபயர்பொக்ஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சந்தேகம் என்றால் பட்டியலில் உதவிக்குள் போய் 'ஃபயர்பொக்ஸ் பற்றி' என்பதைத் திறந்தால் போதும்.

பெரிய மாமா (முள்ளியவளை): இப்போதுதான் வயலால் வந்து வாசித்தேன். என்னுடையது விண்டோஸ் 7. குரோம் புதிதாக ஏறவில்லை.

தர்ஷன்: ஏறாது மாமா. 2023 பெப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பிலிருந்து குரோமுக்கு விண்டோஸ் 10 ஆவது வேண்டும். 'விண்டோஸ் 7க்கும் புதிய குரோம்' என்று எவராவது தந்தால் வாங்காதீர்கள். அதில் வங்கி வேலையும் இப்போதைக்கு வேண்டாம்.

பெரிய மாமா: ஞாயிற்றுக்கிழமை வவுனியாவுக்கு வருகிறேன். தூக்கி வரட்டுமா?

தர்ஷன்: கணினிப் பெட்டியை மட்டும் கொண்டுவாருங்கள் மாமா. திரை இங்கே இருக்கிறது.