கலோரி ஆப் வெச்சு எடை குறைக்கிறது நம்ம வீட்டு சாப்பாட்டுக்கு ஒத்து வருமா?

கொங்கு_சைக்கிள்:
போன வாரம் சுகர் பத்தின திரெட்ல ஒருத்தங்க "கலோரி ஆப் எல்லாம் பாக்கெட் சாப்பாடு சாப்பிடறவங்களுக்கு, சாம்பார் சாதத்துக்கு வேலைக்கே ஆகாது"ன்னு எழுதியிருந்தாங்க. அங்கயே பதில் போட்டா பேச்சு வேற பக்கம் போயிடும்னு தனியா ஆரம்பிக்கிறேன். நாள் முழுக்க உக்காந்து பார்க்கற வேலை எனக்கு, இடுப்பு சுத்தளவ குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதுல இருந்து சாப்பிடறத எல்லாம் ஆப்ல பதிஞ்சு கலோரி கணக்கு பார்க்கறேன், நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா நான் சொல்ல வந்தது எண்ணெய பத்தி.

நம்ம ஊர்ல எடை குறைக்கணும்னாலே முதல் அடி சோத்துக்குத்தான். ராத்திரி சோறு கட், ரெண்டு சப்பாத்தி, கூட குருமா. அந்த சப்பாத்திக்கு தடவற எண்ணெய், குருமால அரைச்சு ஊத்தற தேங்காய், மேல தாளிப்பு, இதெல்லாம் யார் கணக்குலயும் வர்றதே இல்ல. கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ, மரச்செக்கோ ரீஃபைண்டோ, எதுவா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. எங்க வீட்டு குழிக்கரண்டில ஒரு கரண்டி எண்ணெய கிச்சன் தராசுல வெச்சா 40 கிராம் காட்டுது, அப்ப 360 கலோரி. வெந்த சோறு 100 கிராமுக்கு சுமார் 130 தான், அதாவது அந்த ஒரு கரண்டி எண்ணெய்ல இருக்கற கலோரி 270 கிராம் சோத்துல இருக்கறத விட அதிகம். தட்டுல அவ்வளவு சோறு போட்டா வீட்ல எல்லாரும் பார்ப்பாங்க, எண்ணெய யாரும் பார்க்கறதில்ல. இத எனக்கு எந்த டயட் சார்ட்டும் சொல்லல, ஆப்ல டைப் பண்ணப்பதான் தெரிஞ்சுது.

சமையக்கட்டு_விமலா:
அத எழுதினது நான்தான் தம்பி, இப்பவும் அதையேதான் சொல்றேன். எண்ணெய் விஷயம் ஒத்துக்கறேன், அதுல சண்டையே இல்ல. ஆனா எங்க வீட்ல அஞ்சு பேருக்கு ஒரே சட்டில புளிக்குழம்பு. மாமியாருக்கு உப்பு கம்மி, பையனுக்கு காய் வேணாம் குழம்பு மட்டும், வீட்டுக்காரருக்கு மேல மிதக்கற எண்ணெயோட வேணும். இதுல என் தட்டுக்கு எவ்வளவு எண்ணெய் வந்துச்சுன்னு எந்த ஆப் சொல்லும்? "புளிக்குழம்பு ஒரு கப்"னு தேடினா யாரோ ஒருத்தர் அவங்க வீட்டு குழம்புக்கு போட்ட நம்பர் வருது. தோசைன்னு தேடிப் பாருங்க, நூறுக்குக் கீழயும் இருக்கு, இருநூறுக்கு மேலயும் இருக்கு, எதை எடுக்கறது? எல்லாரும் சின்ன நம்பரத்தான் எடுப்பாங்க, மனுஷ சுபாவம் அதுதானே.

இன்னொண்ணு, இத அளக்கறது யாரு? ஆம்பளைங்க ஆப் போட்டுட்டு "இதுல தேங்காய் எத்தன கிராம்மா"ன்னு அடுப்படில வந்து நிப்பாங்க. காலைல ஏழு மணிக்கு மூணு டிஃபன் பாக்ஸ் கட்டிட்டு இருக்கறவளுக்கு அது எவ்வளவு எரிச்சல்னு உங்களுக்குத் தெரியாது.

நைட்ஷிப்ட்_மணி:
விமலாக்கா சொன்ன ரெண்டாவது பாயிண்டுக்கு என்கிட்ட பதில் இல்ல, அது நியாயம், ஆப் வேணும்கறவன்தான் அளக்கணும். முதல் பாயிண்டுக்கு மட்டும் சொல்றேன். ரெடிமேடா இருக்கற "புளிக்குழம்பு" என்ட்ரிய தொடவே தொடாதீங்க. ரெசிபி போடற வசதி முக்கால்வாசி ஆப்ல இருக்கு. காலிச் சட்டிய முதல்ல ஒரு தடவ எடை போட்டு சுவத்துல எழுதி ஒட்டிடுங்க. சமைக்கும்போது எண்ணெய், தேங்காய், பருப்பு இந்த மூணு மட்டும் அளந்தா போதும், தக்காளி வெங்காயம் கத்திரிக்காய்க்கெல்லாம் மெனக்கெட வேணாம், அதுல பெருசா ஒண்ணும் இல்ல. சமைச்சு முடிச்சதும் சட்டியோட எடை போட்டு காலிச் சட்டி எடைய கழிச்சா குழம்போட மொத்த எடை. உங்க தட்டுல 150 கிராம் ஊத்தினா மொத்தத்துல எத்தன பங்குன்னு ஆப்பே போட்டுக்கும். எண்ணெய் மிதக்கறத கலக்கிட்டு ஊத்தணும், அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாரும் மாட்டற இடம் அரிசி. 100 கிராம் பச்சையா இருக்கற அரிசில 350 கலோரி இருக்கும், அதே வெந்தா தண்ணி குடிச்சு ரெண்டரை மடங்கு மூணு மடங்கு எடை ஆயிடும், அதனால 100 கிராம் வெந்த சோத்துல 130 தான். ஆப்ல வெறும் "ரைஸ்"னு இருந்தா அது எதுன்னு பார்க்காம போட்டா அன்னிக்கு கணக்கே போச்சு. பருப்பு, சேமியா, சுண்டல் எல்லாத்துக்கும் இதே கதை.

பாளை_டயட்:
நான் டயட்டீஷியன், இந்த திரெட்ல ரெண்டு பக்கமும் கொஞ்சம் சரி, ஆனா நான் விமலா மேடம் பக்கம் சாயறேன், ஏன்னு சொல்றேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல வெளியிட்ட இந்திய உணவு அட்டவணைல 528 உணவுப் பொருள் இருக்கு, அருமையான வேலை, ஆனா அது பெரும்பாலும் சமைக்காத பொருள். கம்பு இருக்கும், கம்பங்கூழ் இருக்காது. ஆப்காரங்க அதுல இருந்தோ அமெரிக்க டேட்டாபேஸ்ல இருந்தோ எடுத்து கணக்கு போடறாங்க, மீதிய யூசர்கள் கையால நிரப்பறாங்க. ஸ்கிரீன்ல "412"னு வரும்போது ஏதோ லேப் ரிப்போர்ட் மாதிரி தெரியுது, உண்மைல அது 330ஆவும் இருக்கலாம் 500ஆவும் இருக்கலாம்.

ஆராய்ச்சியும் அவ்வளவு சாதகமா இல்ல. 2014ல கலிஃபோர்னியால 212 பேர ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு மைஃபிட்னஸ்பால்ங்கற கலோரி ஆப்ப கொடுத்தாங்க, ஆறு மாசம் கழிச்சு ரெண்டு குரூப்புக்கும் எடைல பெரிய வித்தியாசம் இல்ல. காரணம் என்னன்னா முதல் மாசத்துக்கு அப்புறம் ஆப்ப திறக்கறதே சடார்னு குறைஞ்சுடுச்சு. என்கிட்ட வர்றவங்ககிட்டயும் இதான் பார்க்கறேன், முதல் ரெண்டு வாரம் அவ்வளவு ஆர்வம், அப்புறம் ஒரு கல்யாண வீடு வரும், அதோட சரி.

கொங்கு_சைக்கிள்:
மேடம், அந்த ஆராய்ச்சி சொல்றது ஆப்ப திறக்காதவனுக்கு எடை குறையலன்னுதானே? திறந்தவங்க கதை வேற. 2008ல அமெரிக்கால கைசர் பர்மனென்ட்டேங்கற மருத்துவ நிறுவனத்தோட ஆராய்ச்சில கிட்டத்தட்ட 1700 பேர் இருந்தாங்க, தினமும் சாப்பாட்ட எழுதி வெச்சவங்களுக்கு, எழுதாதவங்கள விட ரெண்டு மடங்கு எடை குறைஞ்சுது. அவங்கள்ல நிறைய பேர் எழுதினது சாதா நோட்டுலதான், ஆப்ங்கறது அந்த நோட்டு செல்போனுக்குள்ள வந்ததுதான்.

330 - 500 மேட்டருக்கு வர்றேன். நம்பர் தப்பா இருக்கட்டும், தினமும் ஒரே மாதிரி தப்பா இருந்தா போதும். ஆப் 1800ன்னு காட்டுது, மூணு வாரமா எடை நகரல, அப்ப ஆப் கணக்குல 1800ங்கறதுதான் என் உடம்பு செலவழிக்கற அளவு, நிஜத்துல அது 2100ஆ இருந்தா எனக்கென்ன, 1500க்கு இறக்கினா குறையும். ஒரு நாள் எடைய பார்த்து முடிவு பண்ணக்கூடாது, முந்தின ராத்திரி பிரியாணி ஊறுகாய்னு உப்பா சாப்பிட்டா காலைல ஒரு கிலோ கூட காட்டும், அது தண்ணி. ஒரு வாரத்து சராசரிய அடுத்த வாரத்து சராசரியோட வெச்சுப் பார்க்கணும்.

எழுதாம கண்ணால போடற கணக்கு எவ்வளவு மோசம்னு தெரியணும்னா 1992ல நியூ இங்கிலாந்து மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆராய்ச்சி இருக்கே, "நான் 1200க்குள்ளதான் சாப்பிடறேன், ஆனாலும் குறையல"ன்னு சத்தியம் பண்ணவங்கள சோதிச்சப்ப சாப்பாட்ட சராசரியா 47 சதவீதம் குறைச்சு சொல்லியிருந்தாங்க. அவங்க பொய் சொல்லல, நிஜமாவே அப்படித்தான் நம்பினாங்க.

பாளை_டயட்:
அதே ஆளுங்க எழுதிக் கொடுத்துதானே 47 சதவீதம் குறைச்சுக் காட்டினாங்க தம்பி, அப்ப எழுதறது மட்டும் எப்படி காப்பாத்தும்? உங்களுக்கு தராசு பழக்கம் வந்துடுச்சு, அதுதான் உங்கள காப்பாத்துது. தராசு இல்லாம ஆப் மட்டும் வெச்சிருக்கறவங்கதான் என்கிட்ட வர்றாங்க.

டீக்கடை_பெஞ்ச்:
என் கேஸ்ல ஆப் ஒரே ஒரு விஷயத்த காட்டுச்சு, டீ. பால் நூறு மில்லி, சர்க்கரை ரெண்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 100 கலோரி, ஆபீஸ்ல நாலு டீ, அப்ப 400. சாப்பாட்டுல கை வைக்காம சர்க்கரைய மட்டும் நிறுத்தினேன். அதுக்கு அப்புறம் ஆப் எனக்கு தேவைப்படல, எடுத்துட்டேன். ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் சொல்றேன், ஸ்மார்ட் வாட்ச் காட்டற "எரிச்ச கலோரி"ய திரும்ப சாப்பாட்டுல சேர்க்காதீங்க. 2017ல ஸ்டான்ஃபோர்டுல ஏழு வாட்ச சோதிச்சாங்க, இதயத்துடிப்பு பரவால்ல, ஆனா கலோரி கணக்குல இருக்கறதுலயே நல்ல வாட்ச்சே சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். "இன்னிக்கு நடந்தேன் அதனால ஒரு பரோட்டா எக்ஸ்ட்ரா"ன்னு போனா அம்பேல்.

தென்றல்_திருச்சி:
எல்லாரும் எண்ணெய் அரிசின்னு பேசறீங்க, நான் வேற ஒண்ணு சொல்லணும். என் தங்கச்சி காலேஜ் படிக்கிறா, குண்டா கூட இல்ல. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் போட்டாங்கன்னு ஒரு ஆப் போட்டா, அது அவளுக்கு ஒரு நாளைக்கு 1200னு டார்கெட் கொடுத்துச்சு. முதல்ல ஸ்நாக்ஸ் நிறுத்தினா, அப்புறம் பாட்டி ஊட்டற உருண்டைச் சோத்துக்கு எவ்வளவு போடறதுன்னு தெரியலன்னு அத நிறுத்தினா, அப்புறம் பொங்கல் அன்னிக்கு சர்க்கரைப் பொங்கல கைல வாங்கி வெச்சுக்கிட்டு போன்ல தேடிட்டே இருக்கா, கடைசில சாப்பிடவே இல்ல. முடி கொட்டுது, பீரியட்ஸ் நின்னு போச்சு. இப்ப டாக்டர்கிட்டயும் கவுன்சிலர்கிட்டயும் கூட்டிட்டுப் போறோம், தேறிட்டு வர்றா. இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல, 2017ல ஈட்டிங் டிஸ்ஆர்டர், அதாவது சாப்பிடறது சம்பந்தமான மனநோய், இருக்கற 105 பேர்கிட்ட கேட்டதுல முக்கால்வாசிப் பேர் கலோரி ஆப் பயன்படுத்தியிருந்தாங்க, அவங்கள்ல 73 சதவீதம் பேர் அந்த ஆப் தங்களோட நோய்ல ஒரு பங்குன்னு சொன்னாங்க. "எல்லாரும் போடுங்க நல்லது"ன்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க அண்ணா, படிக்கறவங்கள்ல பதினெட்டு வயசுப் பொண்ணும் இருப்பா.

நைட்ஷிப்ட்_மணி:
தங்கச்சி நல்லபடியா வரணும் தென்றல். பீரியட்ஸ் நிக்கற அளவுக்குப் போனது சின்ன விஷயம் இல்ல, கூட இருக்கீங்க, அது பெரிய பலம்.

ஆனா அந்த 105 பேரும் ஏற்கனவே நோய் இருக்கறவங்க, ஆப்தான் நோய வரவழைச்சுதுன்னு அதுல இருந்து சொல்ல முடியாது. இருந்தாலும் 1200ங்கற நம்பர யார் எவர்னு பார்க்காம தூக்கிக் கொடுக்கறது எனக்கும் கோவம்தான். வாரத்துக்கு ஒரு கிலோ குறையணும்னு ஸ்லைடர இழுத்தா ஆப் சும்மா கழிச்சுக் கொடுத்துடும், கேள்வி கேக்கறதில்ல.

தென்றல்_திருச்சி:
வரவழைச்சுதோ இல்லையோ, வந்துக்கிட்டு இருக்கும்போது பச்சை கலர்ல டிக் போட்டு "சூப்பர், டார்கெட்டுக்குள்ள இருக்கீங்க"ன்னு பாராட்டுச்சுல்ல. 700 கலோரி சாப்பிட்ட அன்னிக்கு.

சமையக்கட்டு_விமலா:
தென்றல் கண்ணு, பாட்டி உருண்டைய திரும்ப சாப்பிட ஆரம்பிச்சாளா? அது முதல்ல நடக்கட்டும்.

தம்பி கொங்கு, உங்க எண்ணெய் கணக்குக்கு ஆப்பே இல்லாத வழி ஒண்ணு சொல்றேன். மாசத்துக்கு எத்தன லிட்டர் எண்ணெய் வாங்கறோம்னு மளிகை சீட்டுல இருக்கும். நெய்யையும் சேர்த்துக்கங்க. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். நாலு பேர் வீட்ல நாலு லிட்டர் காலியானா தலைக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், 270 கலோரி. 2024ல ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், கொடுத்த வழிகாட்டில 2000 கலோரி தட்டுக்கு எண்ணெய் 27 கிராம்தான் போட்டிருக்காங்க. எங்க வீட்ல இந்த சீட்ட வெச்சுத்தான் அஞ்சு லிட்டர நாலா குறைச்சேன். யார் தட்டையும் எடை போடல, யாருக்கும் தனி சமையல் இல்ல, மாமியார்ல இருந்து பையன் வரைக்கும் எல்லாருக்கும் சேர்த்து குறைஞ்சுது. ஆப் போட்டிருந்தா ஒரு ஆளுக்குத்தான் குறைஞ்சிருக்கும்.

பாளை_டயட்:
இத நான் என் கிளினிக்ல சொல்ல ஆரம்பிக்கப் போறேன் மேடம். நம்ம ஆளுங்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பார்க்கற அளவு, 23லயே அதிக எடைன்னு கணக்கு, ஆம்பளைக்கு இடுப்பு 90 செ.மீ., பொம்பளைக்கு 80 தாண்டினாலே கவனிக்கணும். வீடு மொத்தமா குறையறது ரொம்ப முக்கியம்.

கொங்கு_சைக்கிள்:
விமலாக்கா கணக்கு பிரமாதம், அதுல ஒரு ஓட்டை மட்டும் சொல்றேன், அது வீட்டுக்குள்ள வாங்கற எண்ணெய்க்குத்தான். எனக்கு மதியம் கேன்டீன், சாயங்காலம் பஜ்ஜி கடை, ஞாயித்துக்கிழமை ஓட்டல். அந்த எண்ணெய் எந்த மளிகை சீட்டுலயும் வராது. தனியா தங்கியிருக்கற பேச்சலர், ஹாஸ்டல் பசங்க, இவங்களுக்கும் உங்க வழி கிடையாது. அவங்களுக்கு தோராயமாவாவது ஒரு கணக்கு ஆப்லதான் கிடைக்கும், அதனால அவங்களுக்கு ஆப் வேணும்னு நான் இன்னும் சொல்வேன். தென்றல் சொன்னதுக்கு ஒத்துக்கறேன், வளர்ற பசங்க, கர்ப்பமா இருக்கறவங்க, சாப்பாட்ட பத்தி ஏற்கனவே பயம் இருக்கறவங்க, இவங்க யாரும் ஆப் பக்கம் போக வேணாம், முதல் பதிவுலயே இத சேர்த்துடறேன்.

சமையக்கட்டு_விமலா:
பஜ்ஜிக்கு ஆப்ல நம்பர் தேடறதுக்கு பஜ்ஜிய வாரத்துக்கு ஒரு நாள்னு வெச்சுக்கலாமே தம்பி. நீங்க சொல்ற பேச்சலர் பசங்களுக்கு வேணா இருக்கட்டும், ஒரு மாசம் போட்டு எதுல எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுத்துடட்டும், டீக்கடை பெஞ்ச் பண்ண மாதிரி. வருஷக்கணக்கா ஒவ்வொரு வாயும் போன்ல ஏத்தறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

தென்றல்_திருச்சி:
பாட்டி உருண்டை சாப்பிடறா அக்கா. போன வாரத்துல இருந்து. போன்ல அந்த ஆப் இப்ப இல்ல.