புதுப்பிப்பு: கியர் ஆயில், இந்த முறை சிந்தவில்லை

பழைய காருக்கு வீட்டிலேயே கியர் ஆயில் மாற்றினால் பாதி தரைக்குத்தான் போகிறது, என்ன வழி என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டேன்.

பம்ப் வாங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும். காரைக்குடி ஹார்டுவேர் கடையில் ஒன்றரை மீட்டர் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூப், ஒரு புனல். அவ்வளவுதான். பானட்டைத் திறந்து, மேலிருந்து கியர்பாக்ஸின் பக்கவாட்டு ஓட்டை வரை டியூபை இறக்கினேன். ஆயில் பாட்டில் அரை மணி நேரம் நம்மூர் வெயிலில் கிடந்ததால் இளகி, தானாகவே இறங்கியது. அவசரப்பட்டால் புனல் பொங்கிவிடும். ஓட்டையின் விளிம்பில் மெல்லிய நூலாக வழிந்ததும் நிறுத்தினேன். என் வண்டிக்கு அதுதான் அளவு, ஆனால் கார் மட்டமாக நிற்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஊற்றுகிற போல்ட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வடிக்கிற போல்ட்டில் கை வைக்க வேண்டும். மேலே உள்ளது துருப்பிடித்து வராவிட்டால், ஆயில் இல்லாத காரை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

அப்புறம், போர்டிகோவின் ஆத்தங்குடி கல்லில் போன முறை விழுந்த கறை அப்படியே இருக்கிறது. சிமெண்ட் கல், எண்ணெயைக் குடித்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பத்தா அதைக் காட்டி, "இது எம் பேரன் போட்ட கோலம்" என்கிறார்.