ராஜபாளையம் குட்டி வாங்கப் போறேன், மாசம் எவ்ளோ செலவாகும்?

எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவோட ஆல்பத்துல 2005ல வந்த ராஜபாளையம் நாய் தபால்தலை ஒண்ணு இருக்கு, சின்ன வயசுல அதைப் பாத்ததுல இருந்து ஆசை. இப்ப ஒருத்தர் 18 ஆயிரம் சொல்றாரு, பேப்பர் (வம்சப் பதிவுச் சான்று) வேணும்னா 7 ஆயிரம் தனியாவாம். இன்னொருத்தர் 6 ஆயிரத்துக்கே தர்றேங்கறாரு. போட்டோல ரெண்டும் ஒரே மாதிரி பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. கோவைல தனி வீடு, பின்னாடி இடம் இருக்கு. எதை வாங்கலாம்?

பதில் 1
விலைய விடுங்க, முதல்ல குட்டிக்குக் காது கேக்குதான்னு பாருங்க. எங்க வீட்டுக்கு வந்த முதல் குட்டி தீபாவளி அன்னிக்கு தெருவுல சரவெடி போட்டப்ப கூட அசையாம தூங்குச்சு, என்ன தைரியம்னு பெருமைப்பட்டோம். மறுநாள் அம்மா அது பின்னாடி குடத்தைக் கீழ போட்டாங்க, திரும்பியே பாக்கல, அப்பதான் புரிஞ்சுது. தோலுக்கு நிறம் குடுக்கற செல்லு உள்காதுக்கும் வேணும், முழு வெள்ளை நாய்ல அது இல்லாம போனா பொறந்த சில வாரத்துலயே காது போயிடும். அதனால நேர்ல போங்க, குட்டி தூங்கறப்ப பின்னாடி நின்னு எவர்சில்வர் தட்டைத் தட்டுங்க, கூட இருக்கற குட்டிங்க முழிச்சுக்கிட்டா அதைப் பாத்து இதுவும் எந்திரிக்கும், அதனால தனியா வச்சு பாருங்க. எங்க பையன், அந்தக் குட்டிதான், இப்ப கை ஜாடைலயே எல்லாம் கேப்பான், தங்கம். ஆனா ரோட்டுல ஒரு நிமிஷம் கூட கயித்தை விட முடியாது, வண்டி வந்தா தெரியாதே.

பதில் 2
வாங்கற காசு ஒரு தடவை தாங்க. எனக்கு சாப்பாடு மட்டும் மாசம் 4 ஆயிரம், கோழி, முட்டை, சோறு, தயிர். முதல் வருஷம் பார்வோ, டிஸ்டெம்பர், ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து எல்லாம் சேத்து 6 ஆயிரம் கிட்ட ஆச்சு. போன வருஷம் உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்த டெஸ்ட், ட்ரிப்ஸ்னு ஒரே வாரத்துல 9 ஆயிரம், அதை யாரும் முன்னாடி சொல்லல. ஊருக்குப் போனா விட்டுட்டுப் போற இடத்துக்கு நாளுக்கு 500. காலைல ஒரு மணி நேரம் ஓட விடணும், இது வேட்டை நாய், கட்டிப் போட்டா குணமே மாறிடும். காம்பவுண்டு சுவரு நாலு அடின்னா அசால்ட்டா தாண்டும்.

பேப்பர் விஷயம்: தாய் தகப்பன் ரெண்டுக்கும் கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, நாய் வம்சத்தைப் பதிவு பண்ற அமைப்பு) பதிவு நம்பர் கேளுங்க, தாய் உடம்புல தோலுக்கு அடியில வச்சிருக்கற மைக்ரோசிப் (அடையாளச் சில்லு) நம்பரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. தாயைக் காட்ட மாட்டேன்னா 6 ஆயிரமும் வேண்டாம், 18 ஆயிரமும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றிங்க. காது விஷயம் யாருமே சொல்லல. 6 ஆயிரக்காரருக்கு இப்பதான் போன் பண்ணேன், தாய் வேற ஊர்ல இருக்குங்கறாரு, அதை விட்டாச்சு. ஞாயித்துக்கிழமை 18 ஆயிரக்காரர் வீட்டுக்கு தட்டோட போறேன்.