இந்த முறை நத்தாருக்கு நட்சத்திரக்கூட்டை வீட்டிலயே கட்டுங்கோ

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்,

போன கிழமை ஒருத்தர் பிளாஸ்ரிக் நட்சத்திரம் ஒன்லைன்ல மலிவாப் போகுது, எல்லாருமாச் சேர்ந்து மொத்தமா எடுப்பம் எண்டு எழுதியிருந்தவர். நல்ல மனசோட சொன்னதுதான், ஆனா நான் வேற மாதிரித்தான் சொல்லப்போறன். வாங்க வேண்டாம், குச்சியில கட்டித் தாள் ஒட்டி உள்ள பல்ப் எரியவிடுற நட்சத்திரக்கூட்டை, பிள்ளையளைப் பக்கத்தில இருத்தி நீங்களே கட்டுங்கோ. திருகோணமலையில உவர்மலையிலயும் பாலையூத்திலயும் நத்தாருக்கு வாசல்ல தொங்கினதெல்லாம் அப்பிடிக் கட்டின கூடுதானே, சைவ வீட்டுப் பெடியளும் வந்து பசை பூசுவினம், மே மாசம் பௌத்தரின்ர வெசாக் பண்டிகைக்குக் கூடு கட்டுறதும் அதே கையள்தான். எங்கட பிள்ளையளுக்கு இது தெரியாமலே போகப்போகுது எண்டதுதான் எனக்குக் கவலை.

சாமானுக்கு ஓடித்திரியத் தேவையில்லை. 1970இல இருந்து 77 வரைக்கும் பிரதமர் சிறிமாவோவின்ர ஆட்சியில இறக்குமதிக் கட்டுப்பாடு, கடையில மினுங்கிற சாமான் காணுறதே அரிது, அந்த நேரம் அம்மாக்கள் சிகரட் பெட்டிக்குள்ள இருக்கிற வெள்ளித்தாளைச் சேர்த்து வைச்சு, கரண்டியின்ர முதுகால சுருக்கம் போகத் தேய்ச்சுத்தான் சோடிச்சவை. இப்ப எங்கட குப்பை வாளியில அதைவிடக் கூடக் கிடக்கு. பால்மா பைக்கற், சிப்ஸ் பைக்கற் எல்லாத்துக்கும் உட்பக்கம் வெள்ளிதான், சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட்டா எண்ணெய் மணமும் போயிடும், ஓரத்துக்குக் குஞ்சம் வெட்ட நல்லா இருக்கும்.

இனிக் கூட்டுக்கு வருவம். 2 அடி நீளத்தில மெல்லிய மூங்கில் குச்சி 10 வேணும் (வெளிநாட்டில தோட்டச் சாமான் கடையில செடிக்கு ஊண்டுற குச்சி விக்கினம், போன கோடையில தக்காளிக்கு ஊண்டினது கிடந்தா இன்னும் நல்லம்). 5 குச்சியை நட்சத்திரமா அடுக்கி நுனியளைக் கட்டுங்கோ, குச்சியள் ஒண்டையொண்டு வெட்டுற இடம் நுனியில இருந்து 9 இஞ்சிக்குக் கொஞ்சம் கூட வரும், அப்பிடி வந்தா அளவு சரி. இதே மாதிரி இன்னொண்டு. பிறகு ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு 5 முனையையும் சேர்த்துக் கட்டிப்போட்டு, நடுவில குச்சி வெட்டுற அந்த 5 மூலையிலயும் 4 இஞ்சிக் குச்சி ஒவ்வொண்டை ரெண்டுக்கும் இடையில நிமித்திக் குடுத்து இறுக்கிக் கட்டினா கூடு வயிறு வைச்சு எழும்பும். பிள்ளையள் கை தட்டுற நேரம் அதுதான், அதுவரைக்கும் வெறும் குச்சியாக் கிடந்தது சட்டெண்டு கூடாயிடும். கட்டுற நூல் பருத்தி நூலா இருக்கட்டும், நைலோன் வழுக்கும்.

பசைக்கு ஒரு கப் தண்ணியில ரெண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் கட்டியில்லாமக் கரைச்சு மெல்லிய நெருப்பில துழாவிக் காய்ச்சினாக் காணும். ஊரில பூச்சி அரிக்காம இருக்க துருசு போடுறவை, அது நஞ்சு, சின்னப் பிள்ளையள் கை வைக்கிற இடத்தில வேண்டாம். ஒட்டுறதுக்கு ரிசு பேப்பர்தான் வேணும் எண்டில்லை, சப்பாத்துப் பெட்டிக்குள்ளயும் உடுப்புக் கடைப் பைக்குள்ளயும் வாற மெல்லிய தாளே போதும். மினுக்கத்தூள் மட்டும் தூவாதேங்கோ, அது பெரும்பாலும் பிளாஸ்ரிக், அது பட்ட தாளை மறுசுழற்சிக்கும் எடுக்கமாட்டினம். உள்ள பல்ப் LED எண்டு எழுதினது 3 வாட்ஸ் காணும், பழைய குண்டு பல்ப் சூட்டில தாளைப் பத்தவைச்சிடும், அதைப் போடவே கூடாது.

ஊரில இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு, மார்கழி எண்டா உங்களுக்கு வாடைக்காத்தும் மழையும், தாள் ஒரு இரவில கரைஞ்சு போயிடும், அதால பாண் சுத்தி வாற பிளாஸ்ரிக் பையளை வெட்டி மேல ஒரு உறை போட்டு விடுங்கோ. ஒஸ்லோக்காரர் குடுத்துவைச்சவை, பின்னேரம் மூண்டேகாலுக்கே பொழுதுபட்டிடும், கனநேரம் கூடு எரியும். மெல்பேர்ண்காரர் பாவம், ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கொளுத்தலாம்.

பாலன் குடிலுக்கு ஊரில சீமெந்துப் பைத்தாளைக் கசக்கித்தான் மலை செய்யிறது, வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு பார்சல் பெட்டிக்குள்ள திணிச்சு வாற மண்ணிறத் தாள் அதே வேலை செய்யும், கசக்கி, பசை தடவி, வெறும் பெட்டியளுக்கு மேல போர்த்தி, காய்ஞ்சாப்பிறகு தேயிலைச் சாயம் ரெண்டு தரம் பூசினா உண்மையான கல்லு மாதிரி வரும். புல்லுக்கு ஊரில நெல்லு முளைக்கப் போடுறது, வெளிநாட்டில கடுகை ஈரப் பஞ்சில தூவி ஒரு கிழமை முன்னம் வைச்சா நத்தாருக்குப் பச்சையா நிக்கும். முட்டை அட்டையை வெட்டினா ஆடு, மாடு செய்யலாம், அது பிள்ளையளின்ர வேலை, நீங்கள் திருத்தப் போகாதேங்கோ.

மூண்டு ராசாக்கள் திருநாள் ஜனவரி 6, அதுவரைக்கும் தொங்கட்டும். பிறகு தாளை மட்டும் உரிச்சிட்டு கட்டை அவிழ்க்காமக் கூட்டை அப்பிடியே எடுத்து வைச்சா அடுத்த வருசம் தாள் மாத்தினாச் சரி.

மூங்கிலைச் சீவி வளைக்கத் தெரிஞ்ச பெரியாக்கள் எங்கட ஆக்களுக்குள்ள இருக்கினம் எண்டு தெரியும், தயவுசெய்து ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போட்டுவிடுங்கோ, கையின்ர போக்கை எழுத்தில காட்டேலாது.