டோன் பத்தில் இருக்கும்போது பழைய கப்பாசிட்டர் வேலை செய்கிறதா?

வடபழனி வயரிங்: சென்ற வாரம் 'பழங்கம்பி' இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. தம்முடைய 1963 கிப்சன் எஸ்ஜி மின்கிதாரில் கரகரத்துக்கொண்டிருந்த வால்யூம் பாட்டையும் (பாட் என்றால் குமிழின் அடியில் இருக்கும் மாறுமின்தடை), கூடவே டோன் குமிழைக் குறைக்கும்போது ட்ரெபிளை, அதாவது கூர்மையான ஒலியை, வடித்துவிடும் பழைய கறுப்பு ஸ்ப்ராக் கப்பாசிட்டரையும் மாற்றிவிட்டாராம். அன்றிலிருந்து டோன் குமிழை முழுவதும் திறந்து பத்தில் வைத்து வாசித்தாலும் ஒலியின் உயிரே போய்விட்டதாம். பத்தில் வைத்தால் கப்பாசிட்டர் வேலையே செய்யாது. வேலை செய்யாத ஒன்று உயிரை எப்படிக் கொண்டுபோகும்?

பழங்கம்பி: வேலை செய்யாது என்று உங்களுக்கு யார் சொன்னது? டோன் பத்தில் இருக்கும்போதும் கப்பாசிட்டர் 500 கிலோ ஓம் டோன் பாட்டின் வழியாக சர்க்யூட்டில்தான் இருக்கிறது. பத்தில் அதை முழுவதுமாகத் துண்டிப்பதற்கென்றே நோ-லோட் பாட் என்று ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். இல்லாததைத் துண்டிக்க எவனாவது காசு கொடுப்பானா?

வடபழனி வயரிங்: தம்பி, கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 0.022 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் 3000 ஹெர்ட்ஸில் காட்டும் தடை ஏறத்தாழ 2.4 கிலோ ஓம். அதோடு தொடராக நிற்கும் டோன் பாட்டோ 500 கிலோ ஓம். அரை விழுக்காடு கூடத் தேறாத இந்தப் பங்கு காகிதத்தில் இருந்து வந்ததா, பாலியெஸ்டரில் இருந்து வந்ததா என்று கண்டுபிடிக்கும் காது சென்னையில் யாருக்கும் இல்லை. ஆனால் நீங்கள் மாற்றிய வால்யூம் பாட்டைப் போல 500 என்று அச்சிட்ட பாட் இருபது விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். பழையது 580 ஆக இருந்து புதியது 410 ஆக வந்திருந்தால் ட்ரெபிள் மங்கத்தான் செய்யும். கழற்றுவதற்கு முன் பழையதை அளந்தீர்களா? அளந்திருக்க மாட்டீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பழங்கம்பி: என்னைத் தம்பி என்று அழைக்கும் உரிமையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. என் காதுக்கு மல்டிமீட்டர் தேவையும் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: பத்தில் அந்தக் கப்பாசிட்டர் சர்க்யூட்டில் இருக்கிறதா, இல்லையா?

பெசன்ட் நகர் பேஸ்: இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் கரகரப்பு வந்தவுடன் பாட்டையே தூக்கி எறிவது என்ன பழக்கம்? முதலில் கான்டாக்ட் கிளீனரை விட்டுப் பலமுறை திருகிப் பார்க்க வேண்டாமா? பாட்டின் முதுகில் 134 என்று தொடங்கினால் அதைச் செய்த நிறுவனம் சென்ட்ராலாப், 137 என்றால் சிடிஎஸ். அடுத்து வரும் எண்கள் ஆண்டையும் வாரத்தையும் சொல்லும். கிதாரின் வயதுக்கு அதுவே சாட்சி. தொழிற்சாலையில் வைத்த ஈயத்தைக் கலைத்த அன்றே விலை இறங்கிவிட்டது.

வடபழனி வயரிங்: விற்பதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. தேய்ந்த பாட்டின் மூடியைப் பிரித்து உள்ளே பார்த்திருக்கிறீர்களா? குமிழோடு சுழன்று கார்பனை உரசும் வைப்பர் ஓடிய இடத்தில் கறுப்புக் கார்பன் போய், அடியில் இருக்கும் பழுப்பு அட்டை கோடுபோலத் தெரியும். போன கார்பனை எந்தக் கிளீனர் திரும்பக் கொண்டுவரும்? அழுக்கு வேறு, தேய்மானம் வேறு. ஆகவே பாட்டை மாற்றியது சரி. கப்பாசிட்டரை மாற்றியதுதான் வீண்வேலை. அந்தக் காகிதக் கப்பாசிட்டர்கள் கசியும் என்ற பயம், நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும் வால்வு ஆம்புக்குப் பொருந்தும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் தரும் சொற்ப மின்னழுத்தத்தில் கசிந்துதான் என்ன ஆகப்போகிறது?

பழங்கம்பி: ஆகா! போன மாதம் இதே இடத்தில் "அறுபதாண்டுக் குப்பையை எல்லாம் பிடுங்கிப் போடுங்கள்" என்று எனக்கு அறிவுரை சொன்னவர் யார்?

வடபழனி வயரிங்: பாட்களைச் சொன்னேன். கப்பாசிட்டரைச் சொல்லவில்லை.

பழங்கம்பி: "எல்லாம்" என்றுதான் எழுதியிருந்தீர்கள்.

ரிச்சி தெரு ராசா: நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிற சின்ன பாட்டை வாங்கிப் போட்டிருந்தால் அதன் தண்டில் 18 பல்தான் இருக்கும். பழைய அமெரிக்கக் குமிழ்கள் 24 பல்லுக்கானவை. அதில் அவை சரியாகப் பொருந்தா. சிறிய 25 வாட் சால்டரிங் அயர்னைப் பாட்டின் முதுகில் நெடுநேரம் அழுத்திப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் கார்பன் கெட்டுப்போகும்.

பழங்கம்பி: நான் வாங்கியது ரிச்சி தெருவிலும் அல்ல, என் அயர்ன் 25 வாட்டும் அல்ல. எல்லோரும் ஏன் என்னையே குறைசொல்கிறீர்கள்?

வடபழனி வயரிங்: அப்படியானால் சோதித்துப் பாருங்கள். பழைய கப்பாசிட்டரையும் புதியதையும் ஒரு ஸ்விட்சில் இணைத்து, டோனைப் பத்தில் வைத்து, எது எது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பழங்கம்பி: எதற்கு ஸ்விட்ச்? கப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் எடுத்துவிட்டேன், நேற்று இரவு. ஒலி உடனே பளிச்சென்று ஆனது. கழற்றினால் கேட்கிறது என்றால் அது வேலை செய்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்?

வடபழனி வயரிங்: காலை எடுத்தபோது நீங்கள் நீக்கியது 500 கிலோ ஓம் டோன் பாட்டின் சுமையை! கப்பாசிட்டர் எந்த ரகமாக இருந்தாலும் அதே மாற்றம்தான் கேட்டிருக்கும்.

பழங்கம்பி: ஆக, அது சர்க்யூட்டில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

வடபழனி வயரிங்: ஒப்புக்கொண்டதாக எங்கே எழுதினேன்? அந்த வரியைக் காட்டுங்கள்.